பவல் ஏரியில் படகு வீடு: எந்தப் படகுத்துறை, எந்த மாதம், எவ்வளவு பெரிய படகு?

"படகு ஓட்ட ஆள் வருவாங்கல்ல?" பவல் ஏரிக்குப் போகிறோம் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் மனதில் இருந்தது ஆலப்புழை. அங்கே கெட்டுவள்ளம் என்கிற படகு வீட்டில் ஏறி உட்கார்ந்தால் போதும். ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். அமெரிக்காவின் பாலைவன ஏரிகளில் அந்த வழக்கம் இல்லை. காலையில் பாடம் எடுப்பார்கள், சாவியைக் கையில் கொடுப்பார்கள், அப்புறம் ஐம்பது அறுபது அடி நீளப் படகை நாமேதான் ஓட்டிப் போக வேண்டும். கரை சேர்ப்பது, கரை மணலில் நங்கூரம் புதைப்பது, சமைப்பது, கழிவுத் தொட்டி நிரம்பாமல் பார்த்துக்கொள்வது எல்லாமே நம் வேலை.

பீனிக்ஸிலிருந்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். முதல் பயணம் ஜூனில், இரண்டாவது அக்டோபர் விடுமுறையில். முதல் முறை ஐந்து இரவுகளில் நான்கு இடம் மாறினோம். காலையில் நங்கூரத்தைத் தோண்டி எடுப்பது, மூன்று மணி நேரம் ஓட்டுவது, உச்சி வெயிலில் கரை தேடுவது, மறுபடி குழி தோண்டுவது என்றே பொழுது கழிந்தது. இரண்டாவது முறை இரண்டே இடம். பிள்ளைகள் இன்றும் பேசுவது அந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

அதனால் ஏரி, துறை, மாதம், படகு என்று எதை ஒப்பிட்டாலும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். இதைத் தேர்ந்தால் ஓட்டும் நேரம் குறையுமா, ஓரிடத்தில் தங்கும் நேரம் கூடுமா? படகு வீடு மணிக்கு எட்டு, பத்து மைல் வேகத்தில்தான் நகரும். அதை வண்டியாக நினைத்துத் திட்டம் போட்டால் களைப்புதான் மிஞ்சும்.

பவலா, மீடா, மொஹாவியா?

கொலராடோ ஆற்றில் அணை கட்டித் தேக்கிய ஏரிகளில் படகு வீட்டுக்கு அடிபடும் பெயர்கள் மூன்று. யூட்டா - அரிசோனா எல்லையில் பவல் ஏரி. அதற்குக் கீழே, கிராண்ட் கேன்யனைக் கடந்து வந்தால், நெவாடா - அரிசோனா எல்லையில் மீட் ஏரி. ஹூவர் அணைக்குக் கீழே மொஹாவி ஏரி.

மீட் ஏரியின் பெரிய பலம் லாஸ் வேகஸ். நியூ ஜெர்சியிலிருந்தோ டாலஸிலிருந்தோ விமானத்தில் வருபவர்களுக்கு, இறங்கிய சிறிது நேரத்திலேயே படகுத்துறையில் இருக்கலாம். ஆனால் அங்கே நீர்ப்பரப்பு பெரும்பாலும் அகன்று விரிந்து கிடக்கிறது. காற்று அடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். ஜூலையில் வெயில் 105, 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தொடும். அதாவது 40 டிகிரி செல்சியசுக்கு மேல். ஒரு வாரம் முழுக்க அங்கே இருப்பதற்கான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மொஹாவியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. ஹூவர் அணைக்கும் டேவிஸ் அணைக்கும் நடுவில் 67 மைல் நீளம். கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீரை அளந்து விடுவதற்கான இடைத்தேக்கம் இது. அதனால் மேலே இருக்கும் இரண்டு பெரிய ஏரிகளும் வறண்டு இறங்கும்போதும் இதன் மட்டம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பதினைந்து அடிக்குள்தான் ஏறி இறங்கும். போன வருடம் பார்த்த மணல்கரை இந்த வருடமும் அங்கேயே இருக்கும். ஒரு குறை, வடக்குப் பகுதியில் தண்ணீர் ஹூவர் அணையின் ஆழத்திலிருந்து வருவதால் கோடையிலும் காலை நனைத்தால் சிலிர்க்கும். மூன்று நாள் விடுமுறைதான் இருக்கிறது, படகு வீடு ஓட்டியே பழக்கமில்லை என்றால் தெற்குப் பக்க மொஹாவி நல்ல தொடக்கம்.

ஐந்து இரவு கையில் இருந்தால் பவல் ஏரிதான். க்ளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடியது 1963 மார்ச்சில். ஏரி முதல் முறையாக நிரம்பியது 1980-இல். பதினேழு ஆண்டுகள் ஆயின. நிரம்பியபோது அதன் நீளம் 186 மைல். தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பக்கப் பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து வளைந்து வளைந்து போவதால், கரையோரத்தை அளந்தால் ஏறத்தாழ 2,000 மைல் வருகிறது. அமெரிக்கப் பெருநிலத்தின் பசிபிக் கடற்கரையைவிட அது நீளம். படகு வீட்டுக்காரர்களுக்கு இதன் பொருள் மிக எளிது. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் மடியிலும் ஒரு துண்டு மணல்கரை, இருபுறமும் சிவந்த பாறைச் சுவர், வேறு ஒருவரும் இல்லை. காற்றுக்கு மறைவு, மதியத்துக்கு நிழல். தங்குவதற்கான ஏரி என்றால் இதுதான்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?

பவல் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 வசந்த காலத்தில் அது 3,520 அடி அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தக் குளிர்காலத்துப் பனி உருகி வந்ததும் சில மாதங்களிலேயே அறுபது அடிக்கு மேல் ஏறியது. இப்படி ஏறி இறங்கும் ஏரியில், மூன்று வருடங்களுக்கு முன் போய் வந்த நண்பர் வரைந்து கொடுத்த படம் உதவாது. அன்று அவர் படகைக் கட்டிய கரை இன்று தண்ணீருக்குள் இருக்கலாம். ஐம்பதடி உயரத்தில் பாறையாகத் தொங்கிக்கொண்டும் இருக்கலாம்.

தாழ்ந்த மட்டம் என்றதும் பயந்து பயணத்தையே கைவிடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. செய்திகளில் வரும் பெரும்பாலான பிரச்சினை, சொந்தப் படகை ட்ரெய்லரில் கொண்டுவந்து இறக்கும் சரிவுப் பாதைகளைப் பற்றியது. வாடகைப் படகு ஏற்கெனவே தண்ணீரில்தான் நிற்கிறது. தண்ணீர் இறங்கினால் புதிதாக மணல்கரைகளும் வெளிப்படும். பல பத்தாண்டுகள் மூழ்கியிருந்த பாறைக் குகைகளும் வளைவுகளும் மறுபடி கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன. நம்மைத் தொடும் சிக்கல்கள் வேறு.

முதலாவது காசில் ராக் கட் என்கிற குறுக்கு வாய்க்கால். ஏரியின் தெற்கு முனையில் இருக்கும் வாவீப் துறையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது ஏறத்தாழ 12 மைலை மிச்சப்படுத்தும். படகு வீட்டு வேகத்தில் அது ஒரு மணி நேரத்துக்கும் மேல். மட்டம் சுமார் 3,580 அடிக்குக் கீழே போனால் இந்த வழி அடைபட்டு, பழைய ஆற்றுப் பாதையில் சுற்றித்தான் போக வேண்டும். அந்தக் குறுகிய பாதையில் பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்க, மற்றப் படகுகள் கிளப்பும் அலை மோதி மோதித் திரும்பும். முதல் நாள், பழகாத கை. முடிந்தவரை சீக்கிரமே கடந்துவிட்டால் நல்லது.

இரண்டாவது எரிபொருள். ஏரியின் நடுவில் படகில் மட்டுமே போக முடிகிற டேங்ளிங் ரோப் துறை முன்பு இருந்தது. அது மூடப்பட்டுவிட்டது. தெற்கே வாவீப் பக்கத்தை விட்டால் அடுத்த எரிபொருள் வடக்கே புல்ஃப்ராக் பக்கம்தான்; நடுவில் தொண்ணூறு மைலுக்கு மேல். மூன்றாவது, நீருக்கு அடியில் ஒரு அடி, இரண்டு அடி ஆழத்தில் ஒளிந்திருக்கும் பாறைகள். கரையை நெருங்கும்போது ஒருவர் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். நாங்கள் சிறிய படகில் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வீட்டை நகர்த்துவோம்.

நீர்மட்டத்தை அமெரிக்க நீர்வளத் துறை தினமும் வெளியிடுகிறது. முன்பதிவு செய்யும் நாளிலும், கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலும் அதைப் பார்த்துவிடுங்கள்.

தெற்கா, வடக்கா?

தெற்கு முனையில் வாவீப், ஆன்டெலோப் பாயிண்ட் என்று இரண்டு துறைகள். இரண்டுமே பேஜ் ஊருக்குப் பக்கத்தில். அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957-இல் உருவான ஊர் அது. இன்று பெரிய பலசரக்குக் கடைகளும் மருத்துவமனையும் இருக்கின்றன. பீனிக்ஸிலிருந்தும் லாஸ் வேகஸிலிருந்தும் காரில் நாலரை மணி நேரம். வடக்கே புல்ஃப்ராக், எதிர்க்கரையில் ஹால்ஸ் கிராஸிங். சால்ட் லேக் சிட்டியிலிருந்து வருபவர்களுக்கு இது ஐந்து மணி நேரப் பயணம். வழியில் ஹாங்க்ஸ்வில் என்கிற சிற்றூரைத் தாண்டினால் கடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தயிர் வாங்க மறந்தால் மறந்ததுதான்.

அழகு எந்தப் பக்கம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. வடக்கில் கூட்டம் குறைவு. துறையை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே தங்கும் பள்ளத்தாக்குகள் தொடங்கிவிடுகின்றன: மோக்கி, ஹேன்சன் க்ரீக், ஃபர்காட்டன் கேன்யன். ஃபர்காட்டன் கேன்யனுக்குள் மூதாதைப் புவெப்லோ மக்கள் கட்டிய கல்வீடுகள் பாறை இடுக்கில் இன்றும் நிற்கின்றன. மேலே கேடயம் ஏந்திய மூன்று வீரர்களின் வெள்ளை ஓவியம். என் அளவுகோலின்படி, ஓட்டும் நேரம் குறைவு என்பதால் வடக்குத்தான் ஜெயிக்க வேண்டும்.

ஆனாலும் பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் தெற்கைத்தான் சொல்வேன். ஏரியின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அவசரத்துக்கு விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் அலைவரிசைதான். நடு இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், கொண்டுபோக வேண்டிய இடம் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். எழுபது வயதுக்காரர் உடன் வரும்போது இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

தெற்கின் இன்னொரு ஈர்ப்பு ரெயின்போ பிரிட்ஜ். வாவீப்பிலிருந்து நீர்வழியில் ஏறத்தாழ 50 மைல். 290 அடி உயரத்தில், ஒற்றை வளைவாக, மணற்பாறையில் இயற்கை செதுக்கிய பாலம். 1910-இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களுக்கு அது கல்லாக மாறிய வானவில். அவர்களுக்கும் ஹோப்பி, பையூட் மக்களுக்கும் புனிதமான இடம். வளைவுக்கு அடியில் நடந்து போக வேண்டாம் என்று பூங்காத் துறை கேட்டுக்கொள்கிறது. அம்மா அங்கே போனதும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்று கும்பிட்டார். அதற்காகவே இன்னொரு முறை போகலாம். படகு வீட்டை அவ்வளவு தூரம் இழுத்துப் போக வேண்டியதில்லை. வழியில் பாட்ரே பே என்கிற குடாப் பக்கம் கரையில் கட்டிவிட்டு, சிறிய படகில் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

தெற்கில் இறங்குகிறவர்கள் கடிகாரத்திலும் கவனம் வைக்க வேண்டும். அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி மாற்றுவதில்லை. யூட்டா மாற்றுகிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருந்தாலும், நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசம் மாற்றுகிறது. பேஜ் ஊரில் எட்டு மணி என்றால், நவஹோ நிலத்தில் இருக்கும் ஆன்டெலோப் பாயிண்ட் பக்கம் போனதும் கைப்பேசி ஒன்பது என்று காட்டும். படகை எடுக்கவும் திருப்பித் தரவும் எந்த நேரக் கணக்கு என்று முன்பதிவின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனா, ஆகஸ்டா, அக்டோபரா?

தண்ணீரில் ஆடுவதுதான் முக்கியம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 27 டிகிரி செல்சியசைத் தொடும். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே மழைக்காலம். மழை நம் தலைக்கு மேல் பெய்யத் தேவையே இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள லோயர் ஆன்டெலோப் கேன்யனில் பதினொரு பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. மழை பெய்தது பல மைல் தள்ளி. குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் நடப்பதுதான் இந்த ஏரியின் பாதிச் சுகம். அந்த மாதங்களில் வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ஜூனில் மழை இல்லை. காற்று உண்டு. எங்கள் முதல் பயணத்தில் மூன்றாம் நாள் மாலை காற்று திரும்பி அடித்து, இரவு பத்து மணிக்கு ஒரு நங்கூரம் மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. படகு பக்கவாட்டில் பாறையை நோக்கித் திரும்ப, ஆண்களும் பெண்களுமாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். தப்பு எங்களுடையது. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டு, போதும் என்று விட்டிருந்தோம். இப்போதெல்லாம் இடுப்பளவு தோண்டி, நங்கூரத்தை வைத்து, மேலே மணலைக் குவித்து மிதித்து, கயிறுகளைப் படகின் இரு பக்கமும் சாய்வாக விரித்துக் கட்டுகிறோம். ஒரு குழிக்கு அரை மணி நேரம். நான்கு குழி. இடம் மாறுவதைக் குறைக்கச் சொல்வதன் காரணம் புரிந்திருக்கும்.

செப்டம்பர் கடைசி வாரங்கள்தான் எல்லாவற்றிலும் சிறந்தவை. தண்ணீர் இன்னும் இதமாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். பள்ளிக்கூடம் இருக்கிறதே, என்ன செய்வது. பீனிக்ஸ் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் அக்டோபர் முதல் பாதியில் ஒரு வார விடுமுறை வரும். அதனால் எங்களுக்கு ஜூன் அல்லது அக்டோபர். அக்டோபரில் தண்ணீர் 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே. மதியம் பிள்ளைகள் குதிப்பார்கள், பெரியவர்கள் கரையில் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வாடகைப் படகு வீட்டை இருட்டில் ஓட்டக் கூடாது என்பதால் பகல் பொழுது சுருங்குவது கணக்கில் வர வேண்டும்.

இருந்தும் நான் அக்டோபர் பக்கம் நிற்பதற்கு முக்கியமான காரணம் ஏசி. ஜூனிலும் ஆகஸ்டிலும் இரவில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது. ஏசி ஓட ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டர் ஓடினால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு அது. 2000 ஆகஸ்டில் இதே ஏரியில், படகு வீட்டின் பின்பக்கம் நீந்திக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள், அண்ணனும் தம்பியும், இந்த வாயுவால் இறந்துபோனார்கள். அதற்குப் பின் நடந்த ஆய்வுகளில், பின்பக்க நீச்சல் மேடைக்கு அடியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வாயு தேங்குவது தெரியவந்தது. இன்றைய படகுகள் பலவற்றில் புகைக்குழாயை மேலே கொண்டுபோயிருக்கிறார்கள், உள்ளே எச்சரிக்கைக் கருவியும் இருக்கும். எடுப்பதற்கு முன் இரண்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடும்போது ஒரு பிள்ளைகூடப் பின்பக்கம் தண்ணீரில் இருக்கக் கூடாது. அக்டோபர் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத் தூங்கலாம். சத்தமும் இல்லை, பயமும் இல்லை. மேல்தளத்தில் படுத்தால் பால்வெளி தெளிவாகத் தெரியும்.

பெரிய படகா, சின்னப் படகோடு நடுத்தரப் படகா?

எழுபத்தைந்து அடிப் படகின் படங்களைப் பார்த்தால் ஆசை வரும். சுடுதண்ணீர்த் தொட்டி, சறுக்குமரம், இரண்டு குளிர்பெட்டி. வாரத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியும் போகும். எங்கள் முதல் பயணம் அப்படிப்பட்ட படகில்தான். காற்றில் அது ஒரு பாய்மரம் மாதிரி. உயரமான பக்கவாட்டில் காற்று மோதினால் திருப்புவது கஷ்டம், பெரிய கரை வேண்டும், எரிபொருளும் கூட. இரண்டாவது முறை ஐம்பத்தொன்பது அடிப் படகும், மிச்சமான பணத்தில் ஒரு வேகப்படகும் எடுத்தோம். வேகப்படகு இல்லாமல் இந்த ஏரிக்குப் போவது வீண். குறுகிய பள்ளத்தாக்குக்குள் படகு வீடு நுழையாது. அதைக் கரையில் விட்டுவிட்டு ஊர் சுற்ற வேறு ஒன்று வேண்டும். படகு ஓடும்போது பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை கட்டாயம். அளவு சரியாக இருக்கிறதா என்று துறையிலேயே போட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால் எட்டுப் பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சப் படுக்கைகள் மேசையை மடித்துப் போடுபவை, அல்லது ஏணி ஏறிப் போகும் பரண்கள். பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் கதவு உள்ள அறை, பக்கத்தில் கழிவறை, கரைக்கு இறங்கக் கைப்பிடியுள்ள பலகை. இந்த மூன்றும் இருக்கிறதா என்று படகின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி அளவானது என்பதால் பாத்திரம் குறைவாக விழும் சமையலே சரி. முதல் நாளுக்குப் புளியோதரை. இட்லி மாவைப் பனிக்கட்டிப் பெட்டியின் அடியில் வைத்து, இரண்டாம் நாளே முடித்துவிட வேண்டும்; அதற்கு மேல் புளித்துவிடும்.

படகு வீட்டில் பங்கு வாங்கும் வழியும் உண்டு. பலர் சேர்ந்து ஒரு படகை வைத்திருப்பார்கள், பங்குக்கு வருடத்தில் ஒரு வாரம். ஆண்டுதோறும் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும், நமக்குக் கிடைக்கும் வாரம் பள்ளி விடுமுறையில் விழ வேண்டும். நான்கு வருடமாவது தொடர்ந்து போவோம் என்ற உறுதி இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வயதான பெற்றோர் ஊரிலிருந்து ஒரே ஒரு முறை வந்திருக்கிறார்கள், முழங்கால் வலி என்றால் வாவீப் விடுதியில் இரண்டு இரவு தங்கி, பகலில் மட்டும் படகு எடுப்பதே மேல். அப்பாவுக்கு முதலில் அதைத்தான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் அக்டோபர் திட்டம் இதுதான். காலை எட்டு மணிக்கு வாவீப் துறையில் ஆஜர். பாடம் முடிந்து, சாமான் ஏற்றிக் கிளம்பப் பதினொன்று ஆகிவிட்டது. குறுக்கு வாய்க்கால் மூடியிருந்ததால் சுற்றுவழி. பாட்ரே பே ஓரத்தில் கிழக்கு பார்த்த கரை, அங்கே மூன்று இரவு. நான்காம் நாள் காலை, காற்று எழுவதற்கு முன் கிளம்பித் துறையை நோக்கித் திரும்பி, இரண்டு மணி நேரத் தொலைவில் இன்னொரு கரையில் இரண்டு இரவு. கடைசி நாள் படகை ஒப்படைக்கும் நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம் என்பதால், கடைசிக் கரை துறைக்குப் பக்கத்தில் இருப்பது அவசியம். அன்று காலை ஏழு மணிக்கு நங்கூரம் தோண்டத் தொடங்கினோம். பத்தரைக்கெல்லாம் துறையில் இருந்தோம், தொட்டியில் பாதிக்கு மேல் எரிபொருள் மிச்சம்.